கரிச்சானுக்குக் காற்று எதற்கு?

"காற்றே இல்லாத இடத்தில் உங்கள் விமானம் எதை உறிஞ்சி, எதைத் துப்புகிறது?" என்று முதலாளி கடிதத்தை உரக்கப் படித்தார். படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகக் கதாசிரியையைப் பார்த்தார். "சொல்லும்மா. எதைத் துப்புது?"

கதாசிரியை அப்போதுதான் ஒரு வாய் டீயை உறிஞ்சியிருந்தாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"அது அணுசக்தி சார்," என்றாள், ஒருவழியாக விழுங்கிவிட்டு.

"அணுசக்தின்னா?"

"அணுசக்தின்னா... அணுவோட சக்தி சார்."

"அடடா, எனக்குத் தெரியாமப் போச்சே," என்றார் முதலாளி.

பக்கத்து மேஜையில் புரோகிராமர் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். அவனிடம் எதைக் கேட்டாலும் "ஆகிடும்" என்பான். நாளைக்குள் முடியுமா? ஆகிடும். கம்ப்யூட்டர் புகைகிறதே? ஆகிடும். நாளடைவில் அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது. சம்பள நாளில்கூட முதலாளி, "ஆகிடும், இங்க வா" என்றுதான் கூப்பிடுவார்.

கடிதம் 'ஏழு கோள்' பற்றியது. கண்ணாடிக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், ஐந்து பேர் ஐந்து மேஜைகளில் முட்டி தட்ட உட்கார்ந்து உருவாக்கிக் கடைகளுக்கும் அனுப்பியிருந்த கணினி விளையாட்டு அது. இரண்டு பேர் ஆட வேண்டும். ஒருவர் கரிச்சான் என்ற அணுசக்தி விமானத்தில் பறந்து ஏழு கோள்களையும் பிடிப்பார். மற்றவர் பீரங்கிகளை வைத்துக்கொண்டு தடுப்பார். விமானத்துக்குப் பெயர் வைத்தது கதாசிரியைதான். தன்னைவிடப் பெரிய காக்கையை ஓட ஓட விரட்டுகிற அந்தக் கறுப்புக் குருவி மேல் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு மரியாதை. "விமானம் எதுலக்கா ஓடும்?" என்று ஆகிடும் கேட்ட அன்று, "அணுசக்தின்னு போட்டுக்கோ. பெட்ரோல் போடற தொல்லை இல்ல, எங்க வேணா பறக்கும்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. பசிக்கிற நேரத்தில் யார்தான் யோசிப்பார்கள்?

கடிதம் எழுதியவர் யோசித்திருந்தார். அணுமின் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் என்று தாளின் தலைப்பிலேயே அச்சடித்திருந்தது. அடியில் இன்னொரு வரி: 'நகல்: பள்ளிக் கொள்முதல் குழு.'

அந்த வரியை முதலாளி இரண்டு தடவை படித்திருந்தார். ஊரிலுள்ள பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் 'ஏழு கோள்' வாங்கலாம் என்று அந்தக் குழு பாதி முடிவெடுத்திருந்தது. குழுவுக்கு ஒரு விதி உண்டு. துறை தெரிந்தவர் ஒருவர் எழுத்தில் ஆட்சேபணை தெரிவித்தால், அவரே எழுத்தில் அதைத் திரும்பப் பெறவேண்டும். வேறு யார் போய் என்ன சொன்னாலும் செல்லாது.

"கற்பனைன்னு எழுதிப் போட்டுடலாம் சார்," என்றாள் கதாசிரியை. மின்னஞ்சலில் எழுதியும் போட்டாள். நாற்பது நிமிடத்தில் பதில் வந்தது.

'கற்பனை என்றால் சந்தோஷம். அப்படியானால் அட்டையில் நூற்றுக்கு நூறு அறிவியல் என்று அச்சடித்தது யார்?'

அறையில் இருந்த நான்கு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அட்டையில் விமானத்தின் வாலுக்குப் பக்கத்தில் இரண்டு அங்குலம் காலியாகக் கிடந்தது. ஏதாவது போடும்மா என்று முதலாளிதான் சொன்னார். அவள் ஏதாவது போட்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதை இப்போது சொன்னால் எடுபடுமா?

"இதோ பாரும்மா," என்றார் முதலாளி. "அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த மனுஷன் வாபஸ் கடிதம் கொடுத்தாகணும். விமானத்தைக் கழட்டுவியோ, பூட்டுவியோ, அவர் கேக்கறதை எல்லாம் செய். கடிதம் வரலைன்னா நீ மேஜையைக் காலி பண்ணிடு. எனக்கு வேற வழி தெரியல."

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். கெட்டவர்களையாவது சமாளித்துவிடலாம்.

கதாசிரியை தன் மேஜையைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மேஜைக்கு வருவதற்கு முன்னால் ஒன்பது வருடம் அவள் துணி துவைக்கும் இயந்திரங்களுக்குச் செய்முறைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். 'இயந்திரம் ஓடும்போது மூடியைத் திறக்காதீர்கள்' என்பதை முன்னூறு விதமாக எழுதியிருப்பாள். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்த்தால் அடித்துவிடுவார்கள். இங்கேதான் முதல்முறையாக, நீயே ஏதாவது உண்டாக்கு என்று சொல்லி ஒரு நாற்காலியைக் கொடுத்தார்கள். அந்த நாற்காலியின் ஒரு கால் ஆடும். அது ஆடுவதுகூட அவளுக்குப் பிடிக்கும். அதை விட்டுவிட்டு மறுபடி மூடியைத் திறக்காதீர்களுக்குப் போவதா? செத்தாலும் மாட்டேன் என்று அப்போதே முடிவு செய்துகொண்டாள்.

பொறியாளருக்குப் போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஜெட் எஞ்சின் என்ன பண்ணுது? முன்னால காத்தை இழுக்குது, சூடாக்குது, பின்னால வேகமாத் தள்ளுது. உங்க அணு உலை சூடாக்கத் தயாரா உக்காந்திருக்கு, ஒத்துக்கறேன். ஆனா எதைச் சூடாக்கும்? அடுப்பைப் பத்த வெச்சுட்டு, மேல பாத்திரமே வைக்காம உக்காந்திருக்கீங்க!"

"அப்ப அணுசக்தி விமானம் விண்வெளியில பறக்கவே பறக்காதா சார்?"

"பின்னால தள்ளறதுக்கு ஏதாவது கையோட எடுத்துட்டுப் போனா போகும். ஹைட்ரஜன் சௌகரியம். ஒரு தொட்டி வையுங்க."

இவ்வளவுதானா! கதாசிரியைக்கு உயிர் வந்தது. "ஒரு தொட்டி வெச்சுடலாமா?" என்று ஆகிடுமைக் கேட்டாள்.

"ஆகிடும்க்கா."

மத்தியானத்துக்குள் ஆகிவிட்டது. கரிச்சான் சீறிக்கொண்டு கிளம்பி, பதினோராவது விநாடியில் ஹைட்ரஜன் தீர்ந்து, அப்படியே மிதந்தது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் மிதந்தது. அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோதும் மிதந்துகொண்டிருந்தது.

"தொட்டியைப் பெருசாக்கு," என்றாள்.

பெரிதாக்கினான். பெரிய தொட்டிக்கு எடை அதிகம், எடைக்கு இன்னும் ஹைட்ரஜன், அதற்கு இன்னும் பெரிய தொட்டி. கடைசியில் விமானத்தைப் போல் எட்டு மடங்கு தொட்டி வந்து நின்றது. கரிச்சானை இறகு இறகாக வரைந்த ஓவியர் எட்டிப் பார்த்துவிட்டு, "என் குருவியோட வயித்துல யாரு இதைக் கட்டினது?" என்று கேட்டார். அன்று முழுக்க அவர் எல்லாருக்கும் முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார்.

தொட்டி வைத்ததைச் சொல்லியனுப்பிய மறுநாள் பொறியாளரிடமிருந்து மூன்றாம் கடிதம். 'தொட்டி சரி. ஆனால் இறக்கை எதற்கு? காற்றில்லாத இடத்தில் இறக்கையைச் சாய்த்தால் விமானம் திரும்பாது. மூன்றாம் கோளைத் தாண்டியதும் உங்கள் விமானம் இடது பக்கம் சட்டென்று ஒடிந்து, பீரங்கிக்கு அடியில் புகுந்து, பின்பக்கமாக வந்து சுடுகிறது. இது இயற்கைக்கே விரோதம். தயவுசெய்து உடனே நிறுத்தவும்.'

"எவ்வளவு நுணுக்கமாப் பார்த்திருக்கார் பாரு," என்று முதலாளி வியந்தார். "முப்பத்தொரு வருஷ அனுபவம்னா சும்மாவா!"

இறக்கையைப் பிடுங்கியாயிற்று. திரும்புவதற்கு மூக்கிலும் வாலிலும் சின்னச் சின்னப் புகைக் குழாய்கள் வைத்தார்கள். காற்று இருந்தால் தடுத்து நிறுத்தும். அங்கேதான் காற்று இல்லையே? இடது பக்கம் திருப்பினால் விமானம் திரும்பியது, திரும்பியது, திரும்பிக்கொண்டே இருந்தது. நானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்த முதலாளி, நான்காவது சுற்றில் எழுந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், கையால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாக் கோடிக்கு ஓடினார். முகம் கழுவிவிட்டு வந்து, "நல்லா இருக்கு," என்றார் ஈனசுரத்தில். "ஆனா எனக்குக் காட்டாதீங்க."

அன்று சாயங்காலம் வீட்டில் கதாசிரியை சாப்பிடாமல் தட்டையே வெறித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். எஞ்சின் என்ற வார்த்தை காதில் விழுந்தால் எந்தப் பேச்சிலும் கலந்துகொள்வார்.

"அணு உலைன்னா பயங்கரமா சூடாகுமே?" என்றார்.

"ஆகும். அதுக்கென்ன?"

"ரேடியேட்டர் எங்க வெச்சிருக்கீங்க?"

"ரேடியேட்டரா?"

"பின்னே? எஞ்சின்னு ஒண்ணு இருந்தா சூடு வெளிய போக வழி வேணாமா? பஸ்ஸுக்காவது காத்தடிக்கும். நீ காத்தே இல்லாத ஊருக்கில்ல வண்டியை அனுப்பறே!" என்று சொல்லிவிட்டு அவர் கையைக் கழுவப் போய்விட்டார். வேலை கெட்டுப்போனால் கெட்டுப்போகட்டும், எஞ்சின் கெட்டுப்போகக் கூடாது என்பது அவர் கொள்கை.

இங்கேதான் கதாசிரியை ஒரு புத்திசாலித்தனம் செய்தாள். அவர் கேட்கும் முன்பே நாமே கேட்டுவிட்டால், அடடா எவ்வளவு அக்கறை என்று உச்சி குளிர்ந்து கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நினைத்தாள். காலையில் போன் செய்து, "சார், சூடு வெளிய போறதுக்கு என்ன பண்ணலாம்?" என்று கேட்டாள்.

மறுமுனையில் பொறியாளரின் குரல் தழுதழுத்தது. "அதை நாளைக்குக் கேக்கலாம்னு வெச்சிருந்தேன். நீங்களே கேட்டுட்டீங்க! பேனா இருக்கா? எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டாள். ஆறு பக்கம் வந்தது. எஞ்சினை அணைத்தாலும் உலை உடனே ஆறாது. சூட்டை வெளியே வீச அகலமான தகடுகள் வேண்டும். எவ்வளவு அகலம் என்று அவர் கணக்குப் போட்டுச் சொன்னதை ஓவியர் வரைந்து பார்த்தார். தகடுகள் திரைக்குள் அடங்கவில்லை. இடது தகடு இந்தப் பக்கம் முடிந்துபோக, வலது தகட்டைப் பார்க்க ஓவியர் பக்கத்துக் கம்ப்யூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் அந்தத் தகட்டில் பட்டுவிடும்.

அடுத்து, விமானி உலைக்கு இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தால் கதிர்வீச்சு தாக்கும் என்று நான்காம் கடிதம் வந்தது. விமானியை நீளமான ஒரு கம்பத்தின் நுனிக்குக் கொண்டுபோனார்கள். அதற்கடுத்து, விண்வெளியில் சத்தம் கேட்காது என்று ஐந்தாம் கடிதம். எஞ்சின் உறுமல், வெடிச் சத்தம், பாட்டு எல்லாவற்றையும் எடுத்தார்கள். ஆறு மாதமாக அந்த உறுமலைச் செதுக்கிய ஒலிப்பதிவுக்காரர் காதில் மாட்டிய கருவியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கீழே போகிற பஸ்களை எண்ணத் தொடங்கினார்.

கடைசியாக வந்தது பிரேக். விண்வெளியில் கிளம்புவதற்குச் செலவழித்த அளவு நிற்பதற்கும் செலவழிக்க வேண்டுமாம். பாதி தூரம் முன்னால் பார்த்துக்கொண்டு போய், மீதி தூரம் பின்னால் பார்த்துக்கொண்டு போக வேண்டுமாம்.

"இப்ப முதல் கோள்லேருந்து ரெண்டாவது கோளுக்குப் போக எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டாள் கதாசிரியை.

ஆகிடும் விரல் விட்டு எண்ணினான். "இருநூத்திப் பதினாலு நாள்க்கா."

"விளையாட்டு நாள்தானே? ஒரு நிமிஷத்துல ஓடிடுமே?"

"இல்லக்கா, நிஜ நாள். நேரத்தை ஓட்டறது அறிவியல் இல்லைன்னு அவர் எழுதியிருக்காரே."

"இது ஆகுமாடா?"

அந்த அறையின் வரலாற்றில் முதல்முறையாக அவன், "ஆகாதுக்கா," என்றான்.

ஆனாலும் கரிச்சான் இப்போது அறிவியல்படி அப்பழுக்கில்லாமல் இருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் அதை ஒரு பள்ளிக்கூடத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லியிருந்தார்கள். ஐந்தாம் வகுப்பு. இருபது கம்ப்யூட்டர், நாற்பது பிள்ளைகள். கொள்முதல் குழுவிலிருந்து ஓர் அம்மாள் குறிப்பேட்டோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பிள்ளைகள் ஆசையாகத்தான் உட்கார்ந்தார்கள். தகடும் தொட்டியும் கம்பமுமாகக் கரிச்சான் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. பத்து நிமிடம் ஆயிற்று. ஒரு பையன் கொட்டாவி விட்டான். அதைப் பார்த்து அடுத்தவன் விட்டான். அது வரிசை வரிசையாகப் பரவிக் கடைசி வரிசையில் குழு அம்மாள் வரை போனது. இருபதாவது நிமிடம் முன் வரிசைச் சிறுமி ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"மிஸ், நாங்க இப்ப விளையாடறோமா, காத்துக்கிட்டிருக்கோமா?"

கதாசிரியையால் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முன்பு ஒருமுறை பழைய கரிச்சானை இதே போன்ற ஒரு வகுப்பில் காட்டியபோது, பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தியிருந்தார்கள். "போ போ போ! திரும்பு! அடி!" என்ற அந்தக் கூச்சலைக் கேட்டபோது அவளுக்குச் சிறகே முளைத்துவிட்டது. ஒன்பது வருடம் எழுதிய குறிப்புகளில் எதற்கும் யாரும் கத்தியதில்லை. இப்போது அவர்கள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது.

குழு அம்மாள் எழுந்தார். "இதை வாங்கறதுக்குப் பதிலா ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிடலாம். அதுலயாவது முள்ளு நகர்றது தெரியும்," என்றார். "நாளைக்குச் சாயங்காலம் முடிவு பண்ணப் போறோம்."

திரும்பும் வழியில் ஒரு சிக்னலில் கார் நின்றபோது முதலாளி ஆரம்பித்தார்.

"வாபஸ் கடிதம் கிடைக்கலைன்னா ஆர்டர் போச்சு. கிடைச்சா, இந்த ஆமையைத்தான் விக்கணும். அப்பவும் ஆர்டர் போச்சு."

"அப்ப ரெண்டு வழியிலயும் எனக்கு வேலை போகுதா சார்?"

"ஆமாம்மா," என்றார் முதலாளி, நிஜமான வருத்தத்தோடு. "எந்த வழியில போறதுன்னு நீயே முடிவு பண்ணிக்கோ."

மறுநாள் காலை இருவரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பொறியாளர் வீட்டுக்குப் போனார்கள். இரண்டாவது மாடியில் வீடு. வாசலில் செருப்புகள் அளவுவாரியாக அடுக்கியிருந்தன. கூடத்தில் ஒரு பெரிய கம்ப்யூட்டர், அதற்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். பொறியாளர் ஒல்லியாக, உயரமாக, சட்டைப்பையில் மூன்று பேனாவோடு வரவேற்றார். அவர் மனைவி பால்கனியில் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், "வாங்க, உக்காருங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி செடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லேப்டாப்பைத் திறந்து புதிய கரிச்சானைக் காட்டினார்கள். பொறியாளர் குனிந்து பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"இந்தத் தகட்டை எந்தப் பக்கத்திலேருந்து சுட்டாலும் படும், இல்லையா?"

"படும் சார்," என்றாள் கதாசிரியை.

"அந்த இடது பக்கத் திருப்பம்?"

"திருப்பினா சுத்திக்கிட்டே இருக்கும் சார்."

"தப்பிக்கவே முடியாது?"

"முடியாது சார்."

"பிரமாதம்! பிரமாதம்!" பொறியாளர் கையைத் தட்டினார். "இதுதாம்மா அறிவியல்! கடிதத்தை எடுங்க, கையெழுத்துப் போடறேன்."

முதலாளி அவசர அவசரமாகப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். பொறியாளர் மூன்று பேனாவில் எதை எடுக்கலாம் என்று யோசித்தார். அவர் தாளில் பேனாவை வைத்த அந்த நொடியில், கதாசிரியைக்குள் ஏதோ ஒன்று பொறுக்கமாட்டாமல் எழுந்தது.

"கையெழுத்துப் போடாதீங்க சார்!"

முதலாளி அவளைப் பேய் பிடித்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நீங்க சொன்னது அத்தனையும் சரி சார்," என்றாள் அவள். "ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆனா நேத்து நாப்பது பிள்ளைங்க இதைப் பார்த்துக் கொட்டாவி விட்டாங்க. இதுல யாருமே பறக்க மாட்டாங்க சார். எனக்கு வேலை போனாப் போகட்டும், இந்த மூட்டையைக் கரிச்சான்னு சொல்லி என்னால அனுப்ப முடியாது. பழையதையே வைக்கறோம். நூற்றுக்கு நூறுங்கிற வரியை அட்டையிலேருந்து எடுத்துடறோம், அது என் தப்பு. விளையாட்டோட ஒரு சின்னப் புத்தகம் குடுக்கறோம். இந்த விமானம் நிஜத்துல ஏன் இப்படிப் பறக்காது, பறக்கணும்னா என்னென்ன வேணும்னு, நீங்க சொன்ன தொட்டி, தகடு, பிரேக் எல்லாத்தையும் உங்க பேரோட போடறோம். பிள்ளைங்க முதல்ல பறக்கட்டும் சார். பறந்துட்டு வந்து, எப்படின்னு அவங்களே கேப்பாங்க. அப்பப் படிக்கட்டும்."

முதலாளி வாயைத் திறந்தவர் திறந்தபடியே இருந்தார். அட, இது நல்ல யோசனையாயிற்றே என்று அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்கூட வந்தது. "புத்தகத்துல உங்க போட்டோவும் போடலாம் சார்," என்று ஆசை காட்டினார்.

எந்த விஞ்ஞானியும் அதற்கு மயங்கியிருப்பார். பொறியாளர் மயங்கவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"முடியாது."

"சார், புத்தகத்துல எல்லாமே..."

"புத்தகமும் வேணாம், போட்டோவும் வேணாம்! புத்தகத்துல நீங்க என்ன வேணா போடுங்க. ஆனா அந்த விமானம் மூணாவது கோளுக்கு அந்தப் பக்கம் வரக் கூடாது! இடது பக்கம் திரும்பக் கூடாது! திரும்பினா நான் குழுவுக்கு இன்னொரு கடிதம் எழுதுவேன், பத்துக் கடிதம் எழுதுவேன்!" அவர் காது மடல்வரை சிவந்துபோயிருந்தது.

கதாசிரியை மெதுவாக லேப்டாப்பை மூடினாள். முதலாளி அவளைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு, "திங்கக்கிழமை வந்து உன் சாமானை எல்லாம்..." என்று ஆரம்பித்தார்.

"நல்ல விமானம் சார் அது," என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. "நான் உண்டாக்கினதுலயே அதுதான் நல்லா இருந்துது."

பால்கனிப் பக்கம் தண்ணீர்க் குவளையை வைக்கும் சத்தம் கேட்டது. பொறியாளரின் மனைவி உள்ளே வந்தார். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே கதாசிரியையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"கரிச்சானை உண்டாக்கினது நீதானாம்மா?"

"ஆமாங்க."

"நீ சித்த உள்ள போயேன்," என்றார் பொறியாளர் அவசரமாக. அதுவரை முழங்கிய குரல் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. "நாங்க அறிவியல் பேசிக்கிட்டிருக்கோம்."

மனைவி அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை உருவி, மூடியைக் கழற்றி, அவர் கையில் திணித்தார்.

"திங்கக்கிழமை நீ எப்பவும்போல வேலைக்குப் போம்மா, கையெழுத்து இப்ப வந்துடும், இவர் பேசறது அறிவியலும் இல்ல ஒண்ணும் இல்ல, ரெண்டு மாசமா அந்தக் கரிச்சான்ல பறந்து நான்தான் இவரை தினமும் சுட்டுத் தள்ளிக்கிட்டிருக்கேன், ஒரே ஒரு ஆட்டம் ஜெயிக்கத் துப்பில்லாம மனுஷன் உங்களுக்குக் கடிதாசி எழுதிட்டிருக்கார்!"